ஊதாங்குழல் வைத்த எஞ்சின்

மாமாவின் பழைய டொயோட்டா டொல்பின் வேனில் ஏசி உண்டு. ஆனால் அது புசல்லாவை வரைக்கும்தான். அதைத் தாண்டி ஏற்றம் பிடிக்கத் தொடங்கியதும் மாமாவின் இடது கை தானாகப் போய் ஏசியை அணைத்துவிடும். "கண்ணாடியத் தெறந்துக்குங்க, மலைக்காத்து சும்மாதானே வருது" என்பார். பின்சீட்டில் சிரிப்பு எழும். எல்லோருக்கும் விஷயம் தெரியும். எங்களையும் ஏசியையும் சேர்த்து இறம்பொடை மலையில் ஏற்ற அந்த எஞ்சினுக்குத் தெம்பு போதாது.

அக்காவின் மறுவீட்டுக்கு நுவரெலியா போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினாலு பேர், இரண்டு வாழைத்தார், பெரிய சட்டியில் பலகாரம். இரண்டாம் கியரில் வேன் முனகிக்கொண்டு ஏறுகிறது. பின்னால் கரும்புகை. ஒரு வளைவு முடிந்த இடத்தில் வெள்ளை நிற கேடிஎச் வேன் ஒன்று, டொயோட்டாவின் பிந்திய ரகம், ஹோர்ன் அடித்துவிட்டு எங்களைக் கடந்து போனது. அதிலும் ஆள் நிறைய இருந்தார்கள். கூரையில் பெட்டிகள் வேறு. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. அப்படியானால் ஏசி ஓடுகிறது!

"மாமா, அந்த வேன் எஞ்சின் பெருசா?" என்று கேட்டேன்.

"இல்லடா. அதுவும் மூவாயிரம் சிசிதான், நம்மளுதும் மூவாயிரம் சிசிதான். அதுக்கு டர்போ இருக்கு."

அப்புறம் பல வருடங்கள் கழித்து நானே வேன் வாங்கும் காலம் வந்தபோதுதான் அந்தக் கணக்கைத் தேடிப் பார்த்தேன். மாமாவின் வேனில் இருந்த ஃபைவ் எல் எஞ்சின் 2,986 சிசி. கேடிஎச்சில் வரும் ஒன் கேடி எஞ்சின் 2,982 சிசி. எங்களுடையதுதான் நாலு சிசி பெரிது! ஆனால் எங்களுடையது 100 குதிரைத் திறனை ஒட்டி நிற்க, அது 136ஐத் தொடுகிறது. டீசலைப் பீய்ச்சும் முறையும் அதில் புதியது என்பதால் முழுப் பெருமையையும் டர்போவுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பெரும்பங்கு அதனுடையதுதான்.

எஞ்சினுக்கு டீசல் கொடுப்பது எளிது. காற்றுக் கொடுப்பதுதான் கஷ்டம். இதை எனக்குப் புரியவைத்தது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை, லயத்துக் காம்பராவில் அப்பாயி அடுப்பு மூட்டிய விதம்தான். மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும். எத்தனை விறகு சொருகினாலும் புகைதான் வரும். அப்பாயி விறகைக் கூட்டமாட்டார். ஊதாங்குழலை எடுத்து அடுப்பின் அடியில் வைத்து நாலு ஊது ஊதுவார். குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதே அடுப்பு, அதே விறகு, காற்று மட்டும் கூடுதல். அடுப்பு நன்றாகப் பிடித்த பிறகுதான் அடுத்த விறகைச் சொருகுவார். அந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் காற்று, பிறகு விறகு.

பெற்றோல் எஞ்சினில் ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அதை லீட்டரில் போட்டுப் பார்த்தால்தான் திகைப்பு வரும். ஒரு லீட்டர் பெற்றோலை எரிக்க ஏறக்குறைய 9,000 லீட்டர் காற்று வேண்டும். டாங்கியில் நாம் சுமந்துகொண்டு போவது சாப்பாட்டில் ஒரு சின்னப் பங்குதான். மிச்சத்தை எஞ்சின் வழியெல்லாம் உறிஞ்சிக்கொண்டே போக வேண்டும். மூன்று லீட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை மூன்று லீட்டர் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால், ஏட்டுக் கணக்கில் 4,500 லீட்டர். பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்துக்குள் வெளிக்காற்று தானாக வந்து விழ வேண்டும். வாசலில் நின்று யாரும் தள்ளிவிடுவதில்லை. எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான்.

அந்தத் தள்ளிவிடும் வேலைதான் டர்போவுக்கும் சூப்பர்சார்ஜருக்கும். காற்றை முன்கூட்டியே அமுக்கி, அடர்த்தியாக்கி, அதே சிலிண்டருக்குள் கூடுதலாகத் திணிப்பது. காற்று கூடியதால் எரிபொருளும் கூட்டலாம். இரண்டும் கூடியதால் பிஸ்டனைத் தள்ளும் விசையும் கூடுகிறது. எஞ்சின் பெரிதாகவில்லை, அதற்குள் போகும் சாப்பாடு பெரிதாகிறது.

இந்த விஷயம் கொழும்பில் இருப்பவருக்கு வெறும் வேக ஆசையாக இருக்கலாம். நமக்கு அப்படி இல்லை. மலை ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஹட்டன் 1,271 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பிலிருந்து மருமகளாக வந்த என் அண்ணி முதல் மாதம் முழுக்கப் பருப்பு வேகவில்லை என்று புலம்பியதற்குக் காரணம் பருப்பு இல்லை, அழுத்தம்தான்.

எஞ்சினுக்கும் அதே கதை. ஆயிரம் அடி ஏறினால் நூற்றுக்கு மூன்று பங்கு சக்தி போகும் என்பது வாகனக்காரர்களின் பழைய கணக்கு. நுவரெலியா 6,000 அடிக்கு மேல். 100 குதிரைத் திறன் உள்ள வேன் அங்கே போய்ச் சேரும்போது 82 குதிரைதான் மிச்சம். எங்கே சக்தி அதிகமாக வேண்டுமோ அங்கே பார்த்து மலை பிடுங்கிக்கொள்கிறது. அந்தக் கரும்புகையின் கதையும் இதுதான். பழைய டீசல் பம்புக்கு உயரம் தெரியாது. கொழும்பில் பீய்ச்சிய அளவையே இங்கேயும் பீய்ச்சும். காற்றுக் குறைவு, டீசல் அதே அளவு, எரியாத மிச்சம் கரியாக வெளியே வருகிறது. ஈர விறகு அடுப்பேதான்.

மலைக்கும் டர்போவுக்கும் உள்ள உறவு நான் நினைத்ததைவிடப் பழையது. டர்போவுக்கு முதலில் காப்புரிமை எடுத்தவர் ஆல்ஃப்ரெட் பூக்கி என்ற சுவிஸ் பொறியியலாளர், 1905இல். புகைக்குழாய் வழியாகச் சும்மா வெளியே போகும் சூட்டை வைத்தே காற்றை அமுக்கலாமே என்பதுதான் அவருடைய யோசனை. எரிபொருளில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது என்று தெரிந்தால் நமக்கும் அந்த ஆதங்கம் வரும். ஆனால் அந்தச் சூட்டையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் அப்போது இல்லை. 1920களின் நடுவில்தான் ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் அவருடைய முறை ஒழுங்காக வேலை செய்தது. 1,750 குதிரைத் திறனாக இருந்த எஞ்சின் 2,500ஐத் தொட்டது.

எனக்குப் பிடித்தது அதற்கும் முந்திய கதை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் உயரப் போனதும் மூச்சு முட்டின. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை செய்த சான்ஃபோர்ட் மோஸ் என்பவர் ஒரு டர்போ செய்தார். அதை உயரத்தில் சோதிக்க வேண்டும். வானத்தில் வைத்துச் சோதிப்பது ஆபத்து. என்ன செய்தார் தெரியுமா? லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லொறியில் ஏற்றி, கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டுபோய்விட்டார். அது 1918. தரையில் 350 குதிரைத் திறன் கொடுத்த எஞ்சின் உச்சியில் 230தான் கொடுத்தது. டர்போவைப் பூட்டியதும் 356. மலை பறித்ததை அப்படியே வாங்கிக் கொடுத்துவிட்டது, கொசுறாக ஆறு சேர்த்து. மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்த லொறி எப்புடிடா அங்க ஏறுச்சு?"

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஒரு தண்டின் இரு முனையிலும் இரண்டு சிறு சக்கரங்கள். ஒன்று புகை வெளியேறும் வழியில் இருக்கிறது. சூடான புகை அதைச் சுழற்றும். மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை நடுவில் இழுத்து, ஓரத்துக்கு வீசி, நத்தை ஓடு போன்ற உறைக்குள் அமுக்கி எஞ்சினுக்கு அனுப்பும்.

நடுவில் இழுத்து ஓரத்துக்கு வீசுவது என்று படித்ததும் எனக்கு ஸ்டோருதான் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோரு என்றுதான் சொல்வார்கள். அப்பா அங்கே தூள் காய வைக்கும் இயந்திரத்தில் வேலை. அதன் வார்ப்பிரும்புத் தகட்டில் சிரொக்கோ என்ற பெயர் இருக்கும். அசாமில் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன் என்பவர் பெல்ஃபாஸ்டில் ஆரம்பித்த கொம்பனி அது. தேயிலை காய வைக்கச் சூடான காற்று நிறைய வேண்டும் என்பதற்காக, காற்றை நடுவில் இழுத்து ஓரத்துக்கு வீசும் விசிறியில் புதுவகை ஒன்றை 1898இல் அவர் வடிவமைத்தார். அழுத்தம், வேகம், விசிறி அலகின் வடிவம் எல்லாமே வேறுதான். ஆனால் டர்போவின் காற்றுச் சக்கரமும் அந்த விசிறியும் ஒரே குடும்பம். சின்ன வயதில் அந்த விசிறியின் உறுமலுக்குப் பயந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பிற்காலத்தில் அதன் பேரப்பிள்ளை ஒன்றுக்கு நான் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று அப்போது தெரியாது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஸ்டோரு விசிறியை மோட்டார் சுழற்றும். டர்போவைப் புகையே சுழற்றும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல், சின்ன டர்போக்கள் இரண்டு இலட்சத்தையும் தாண்டும். இந்த வேகத்தில் சாதாரண பெயாரிங் தாங்காது. அதனால் பெரும்பாலான டர்போக்களில் தண்டு ஒரு மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுழல்கிறது. ஒருபக்கம் புகைச்சூட்டில் உலோகம் சிவக்கிறது, மறுபக்கம் மலைக்காற்று. நடுவில் காப்பாற்றுவது மயிரிழை அளவு ஒயில். இதை மறந்துவிடாதீர்கள், நான் மறந்தேன்.

காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பக்கம் சுடுவது தெரியும். சூடான காற்று விரியும், விரிந்தால் அடர்த்தி குறையும், பட்ட பாடெல்லாம் வீண். அதனால் நடுவில் ஒரு இன்டர்கூலர் வைத்துக் காற்றைக் குளிர்விக்கிறார்கள். அழுத்தம் அளவு மீறினால் புகையை வேறு வழியில் திருப்பிவிடப் பல டர்போக்களில் ஒரு கதவும் உண்டு. அழுத்தத்துக்குக் கட்டுப்பாடே இல்லாத டர்போ, பிரேக் இல்லாத லொறி மாதிரி.

சூப்பர்சார்ஜரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, நம் பக்கம் அதைக் காண்பதே அரிது. அதைப் புகை சுழற்றாது, எஞ்சினே பெல்ட் போட்டுச் சுழற்றும். 1860இல் அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை எடுத்த காற்றூதியின் வாரிசுகள் இன்றைக்கும் சில கார்களில் இருக்கின்றன. மிதித்த உடனே சக்தி வரும், தாமதமே இல்லை. ஆனால் கூடுதல் சம்பளம் வாங்கிக் கொடுத்த தரகருக்கு அதிலேயே ஒரு பங்கு கொடுப்பது போல, எஞ்சினின் சக்தியிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எண்ணெய்ச் செலவு பார்த்து ஓடும் ஹயர்க்காரனுக்கு அது சரிவராது.

டர்போவில் தாமதம் உண்டு. புகை பெருகினால்தான் சக்கரம் வேகம் பிடிக்கும். சக்கரம் வேகம் பிடித்தால்தான் காற்று வரும். கினிகத்தேனைப் பக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் இதை நன்றாக உணரலாம். எதிரே பஸ் வருகிறது, நீங்கள் வேகத்தைக் குறைத்துவிட்டீர்கள், பஸ் போனதும் மிதிக்கிறீர்கள். ஒன்றும் நடக்காது. ஒரு நொடி வேன் யோசிக்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல் எகிறும். புதிதாக ஓட்டுபவர்கள் அந்த ஒரு நொடியில் பயந்து இன்னும் அழுத்தி மிதித்துவிடுவார்கள், அடுத்த வளைவில் கண் பிதுங்கும். என் கருத்து, மலையில் டர்போ வாகனத்தை ஓட்டுவது என்பது கியரை முன்கூட்டியே இறக்கப் பழகுவதுதான். வளைவுக்குள் போய் இறக்காதீர்கள், வளைவுக்கு முன்பே இறக்குங்கள். புதிய எஞ்சின்களில் புகை பாயும் வழியைக் குறுக்கி விரிக்கும் அலகுகள் இருப்பதால் இந்தத் தாமதம் நிறையக் குறைந்துவிட்டது. கேடிஎச்சிலும் அவை உண்டு.

சின்ன எஞ்சினைப் பெரிய எஞ்சினோடு மோதவிட்ட கதை ஒன்று தேயிலைக்காரர்களான நமக்கென்றே அமைந்தது. 1977இல் ரெனோ கொம்பனி ஃபோர்முலா வன் பந்தயத்துக்கு ஒரு மஞ்சள் காரைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் மூன்று லீட்டர் எஞ்சினில் ஓட, இது ஒன்றரை லீட்டரும் டர்போவும். அடிக்கடி எஞ்சின் வெடித்துப் புகை கக்கிக்கொண்டு நின்றதால் மஞ்சள் தேநீர்க் கேத்தல் என்று கேலி செய்தார்கள். இரண்டே வருடத்தில், 1979இல், பிரான்சின் டிஜோனில் அந்தக் கேத்தல் முதல் இடம் பிடித்தது. கேலி செய்தவர்கள் எல்லோரும் டர்போ தேடி ஓடினார்கள். 1980களின் நடுவில் ஒன்றரை லீட்டர் எஞ்சின்கள் தகுதிச் சுற்றில் 1,000 குதிரைத் திறனைத் தாண்டின. கடைசியில் 1989இலிருந்து டர்போவையே தடை செய்துவிட்டார்கள். 2014இல்தான் திரும்பி வந்தது.

ஹட்டன் டவுனில் இன்றைக்கு ஓடும் 660 சிசி ஜப்பான் கார்கள் அந்தக் கேத்தலின் ஏழை உறவினர்கள். வேகன் ஆர் வகையில் டர்போ இல்லாதது 52 குதிரைத் திறன், டர்போ உள்ளது 64. வித்தியாசம் வெறும் பன்னிரண்டுதானே என்று தோன்றும். முறுக்கு விசையை, அதாவது சக்கரத்தைத் திருகும் பலத்தைப் பாருங்கள்: 63 நியூட்டன் மீட்டர் எங்கே, 95 எங்கே. நாலு பேரோடு ஏற்றத்தில் நின்று புறப்படும்போது உதவுவது குதிரை இல்லை, முறுக்குத்தான். ஆனால் இறக்கத்தில் ஒரு எச்சரிக்கை. சின்ன எஞ்சின், கியரில் பிடித்து நிறுத்தும் பலத்தில் பெரிய எஞ்சினுக்கு ஈடாகாது. ஏறும்போது டர்போ பெரிய எஞ்சின் போல் நடிக்கும், இறங்கும்போது நடிக்காது.

இனி என் கதை. 2020இல் வாகன இறக்குமதி நின்றுபோனதால் பழைய கேடிஎச்சுக்கே கொள்ளை விலை. மச்சானும் நானும் கடன்பட்டு ஒன்றை வாங்கினோம். 2022 எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை. ஒயில் விலை மூன்று மடங்கு. 5,000 கிலோமீட்டரில் மாற்றியிருக்க வேண்டிய ஒயிலை இன்னும் ஒரு ஹயர், இன்னும் ஒரு ஹயர் என்று இழுத்து 11,000 வரை ஓட்டினேன். அடுத்து சிவனொளிபாதமலை சீசன் வந்தது. ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நாளுக்கு இரண்டு நடை. முழு ஏற்றமும் டர்போ கத்திக்கொண்டு வரும், போய் நின்றதும் சாவியை அணைத்துவிடுவேன். டீசல் மிச்சமாம்.

எஞ்சின் நின்றால் ஒயில் பம்பும் நிற்கும். சூட்டில் இருக்கும் டர்போவுக்குள் தேங்கிய ஒயில் தாளிக்க வைத்து மறந்த எண்ணெய் போலக் கருகிக் கட்டியாகும். அது ஒயில் வரும் சின்னத் துவாரத்தை அடைக்கும். முதலில் சீழ்க்கைச் சத்தம் மாறியது. மெல்லிய விசிலாக இருந்தது ஸ்டோரு சங்கு மாதிரி ஊளையிடத் தொடங்கியது. நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன். மஸ்கெலியா தாண்டி ஒரு வளைவில் வேன் செத்தாற்போல் ஆனது. பின்னால் நீலப்புகை.

கராஜில் மெக்கானிக் பாஸ் வந்து, குழாயைக் கழற்றிக் காற்றுச் சக்கரத்தை விரலால் ஆட்டினார். மேலும் கீழும் ஆடியது. அலகின் நுனிகள் உறையில் உரசித் தேய்ந்திருந்தன. என்னைப் பார்க்காமலே கேட்டார்: "தம்பி, ஒயில் எப்ப மாத்துனீங்க?"

நான் பொய் சொன்னேன்.

"சரி," என்றார். "நீலப்புகையோட இன்னும் ஓட்டியிருந்தா எஞ்சின் அதோட ஒயிலயே குடிச்சு ஓடும். அப்ப சாவியத் திருப்பினாலும் நிக்காது. உருகித்தான் நிக்கும்." அது நிஜம். டீசல் எஞ்சினுக்கு ஒயிலும் சாப்பாடுதான். அந்த மாதத்துக் கடன் தவணையும் அடுத்த மாதத்ததும் டர்போவுக்குப் போனது.

இந்தப் பாடத்துக்குப் பிறகும், டர்போ இல்லாத பழைய வேனுக்கு ஒன்றைப் பூட்டிவிடலாமா என்று இளசுகள் என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். டர்போவோடு பிறந்த எஞ்சினில் பிஸ்டன், கேஸ்கெட், ஒயில் வழி, குளிர்விப்பு எல்லாம் அந்தச் சுமைக்கென்றே செய்யப்பட்டவை. பெற்றோல் எஞ்சின் என்றால் இன்னும் மோசம். ஏற்கெனவே இறுக்கமாக அமுக்கும் சிலிண்டருக்குள் அமுக்கிய காற்றையே அனுப்பினால், பொறியின் தீ பரவி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு உள்ளே சுத்தியலால் அடிப்பது போல் தட்டும். பிஸ்டனில் ஓட்டை விழுந்த பிறகு ஊதாங்குழலால் என்ன பயன்?

மாமா டொல்பினை விற்றுவிட்டார். இப்போது சீசன் நாட்களில் எங்கள் கேடிஎச்சை அவர்தான் ஓட்டுகிறார், ஏசி போட்டுக்கொண்டு. போன மாதம் நானும் கூடப் போனேன். நல்லதண்ணியில் வேன் நின்றது, ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள், மாமா மட்டும் எஞ்சினை அணைக்காமல் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். வாகனம் நிறுத்தக் காசு வாங்கும் பையன் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"மாமா, நிப்பாட்டுங்க, டீசல் வீணாகுதே."

"இருடா. இப்பதான் மலையேறி வந்திருக்கு, மூச்சு வாங்கிக்கட்டும்."

தேநீர் முடிந்தது. சாவியைத் திருப்பினார். முன்சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று இறங்கி இறங்கி ஓய்ந்தது. அது முழுதாக அடங்கும் வரை கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.